கோட்டுச்சேரிக்கு எத்தனை பைட்?



இன்று ஹேஷ் ஃபங்ஷன் பற்றிப் பேசப்போகிறேன். உடனே வானொலியை அணைத்துவிடாதீர்கள். நம் காரைக்கால் ஊர்ப் பெயர்களையும் நம் வீட்டுப் பெயர்களையும் வைத்தே முழுக்கச் சொல்லிவிடலாம் என்ற தைரியத்தில்தான் வந்திருக்கிறேன்.

2011 கணக்கெடுப்பின்படி காரைக்கால் மாவட்டத்தில் 2,00,222 பேர். இத்தனை பேரையும் ஒரு கணினியில் பதிந்து வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவரைத் தேட வேண்டும். முதல் ஆளிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் தேடல் லட்சக்கணக்கில் நடக்கும்போது அது கட்டுப்படியாகாது. அஞ்சலகத்தில் கடிதம் பிரிக்கும் அறைகள் வைத்த மர அடுக்கைப் பார்த்திருப்பீர்கள். உறையைப் பார்த்ததும் எந்த அறை என்று கை தானாகப் போகும். அதைப் போல, பெயரைக் கொடுத்தால் ஓர் எண் வர வேண்டும், அந்த எண்தான் அறை. பெயரை எண்ணாக்கும் அந்தச் சின்ன வேலைக்குத்தான் ஹேஷ் ஃபங்ஷன் என்று பெயர். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இல் எழுதிய குறிப்பில் இந்த யோசனை வருகிறது.

விதி ஒன்றே ஒன்று. இரண்டு பொருள்கள் சமம் என்றால், இரண்டுக்கும் ஒரே எண் வர வேண்டும். தலைகீழாகப் பார்த்தால் கட்டாயமில்லை. வேறு வேறு ஆட்களுக்கு எப்போதாவது ஒரே எண் வந்துவிட்டுப் போகட்டும். 0, 1 என்ற பிட்டுகள் 32 சேர்ந்த எண் என்றால் சுமார் 430 கோடி எண்கள் உண்டு. அத்தனை இருந்தும், நம் இரண்டு லட்சம் பேருக்கு நல்ல ஹேஷ் போட்டாலே நாலைந்து ஜோடிகள் மோதிக்கொள்ளும் என்று கணக்கு சொல்கிறது. கெட்டுப்போகாது. அந்த அறையில் இருப்பவர்களை நேரில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வோம். ஆனால் சமமான இரண்டுக்கு வேறு எண் வந்துவிட்டால்? ஆள் பட்டியலில் இருப்பார், கணினி இல்லை என்று அடித்துச் சொல்லும்.

சி++ போன்ற நிரல் மொழிகளில் எண்களுக்கும் எழுத்துத் தொடர்களுக்கும் ஹேஷ் தயாராக இருக்கிறது. ஆனால் 'ஆள்' என்று நீங்களே ஒரு வகையை உருவாக்கி, அதில் பெயர், தந்தை பெயர், ஊர் என்று மூன்று புலம் வைத்தால், அதற்கு எப்படி ஹேஷ் எடுப்பது என்று மொழிக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஊரை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். பெயருக்கு ஓர் எண், தந்தை பெயருக்கு ஓர் எண். இரண்டையும் சேர்ப்பது எப்படி? என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் எக்ஸ்-ஆர் என்றுதான் எழுதுவார்கள். இரண்டு எண்களையும் பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறாக இருந்தால் 1, ஒன்றாக இருந்தால் 0. வேகமானது, பார்க்க அழகானது. ஆனால் எதை முதலில் வைத்தாலும் ஒரே விடைதான் வரும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் பக்கத்து வழக்கமாயிற்றே! கண்ணன் மகன் முருகன், முருகன் மகன் கண்ணன் என்று ஒரே வீட்டில் இரண்டு பேர் இருப்பார்கள். மூத்தவருக்கும் இளையவருக்கும் எக்ஸ்-ஆர் ஒரே எண்ணைத்தான் கொடுக்கும். இப்படி வீட்டுக்கு வீடு மோதல். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயர் என்றால் இன்னும் மோசம், விடை பூஜ்யம். அப்படிப்பட்டவர்கள் எந்த ஊராக இருந்தாலும், என்ன பெயராக இருந்தாலும், மொத்தப் பேரும் பூஜ்ய அறையில்தான் கிடப்பார்கள். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் இந்தத் தவறைப் புள்ளிகளின் ஆயத்தொலைவை வைத்து விளக்குவார்கள். நம் பிள்ளைகளுக்குத் தாத்தாவை வைத்துச் சொன்னால் போதும், ஒரு தடவையில் புரிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு புலங்களையும் அப்படியே ஒட்டி ஹேஷ் எடுத்தால், ஒரு பதிவில் 'வேல்', அடுத்த புலத்தில் 'முருகன்'. வேறொரு பதிவில் 'வேல்முருகன்', அடுத்த புலம் காலி. ஒட்டிய பிறகு இரண்டும் ஒன்றுதான். ரஸ்ட் என்ற நிரல் மொழியில் இதற்காகவே ஒவ்வொரு எழுத்துத் தொடரின் முடிவிலும் 255 என்ற பைட்டை, அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் சிறு எண்களில் ஒன்றை, வேலியாகச் சேர்க்கிறார்கள். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யு.டி.எஃப்.-8 முறையில் எழுதிய எந்த மொழி எழுத்திலும் 255 வராது என்பதால் அந்த வேலியை யாரும் தாண்ட முடியாது.

சரி, கோட்டுச்சேரிக்கு வருவோம். கோட்டுச்சேரிக்காரர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் கவனியுங்கள், உங்கள் ஊர்ப் பெயரைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். 'கோ' என்பதை, 'க'வுக்குப் பிறகு ஓகாரக் குறி என்று ஒரே குறியாகப் பதியலாம். அல்லது 'க'வுக்குப் பிறகு ஏகாரக் குறியான இரட்டைக் கொம்பு, அதற்குப் பிறகு கால் என்று இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், அச்சிலும் வித்தியாசம் இருக்காது. ஆனால் முதல் விதத்தில் 36 பைட், இரண்டாவதில் 39 பைட். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து, பிறகு எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் இந்த இரண்டாவது வகை அடிக்கடி தலைகாட்டும். அப்படி ஒரு பட்டியலை நான் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஊர்ப் பெயரைத் தட்டித் தேடினால் பாதிப் பேர் வருவார்கள், மீதிப் பேர் வரமாட்டார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. பைட்டாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

இரண்டும் சமமே என்று யூனிகோடு தெளிவாகச் சொல்கிறது. பெயரை உள்ளே வாங்கும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஆனால் 'ஸ்ரீ'க்கு இந்த மருந்து வேலை செய்யாது. 'ஶ' என்ற எழுத்து யூனிகோடில் 2005-இல்தான் சேர்ந்தது. அதற்கு முன்பு எல்லாரும் 'ஸ' போட்டுத்தான் ஸ்ரீ எழுதினார்கள். இப்போது இரண்டு வகையும் புழக்கத்தில் இருக்கின்றன. பல எழுத்துருக்களில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடோ இரண்டையும் சமம் என்று சொல்லவில்லை. அப்படியானால் ஸ்ரீதர் ஒருவரா, இருவரா? இதை எந்த நிரல் நூலகமும் உங்களுக்காக முடிவு செய்து தராது. பெயர் என்ற வகையை உருவாக்கியவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"அப்படியானால் பிரெஞ்சுக்காரர் பதிவில் முருகனைப் பத்து எழுத்தில் எழுதியிருக்கிறார்களே, ஆங்கிலத்தில் ஏழுதானே, அதையும் சமமாக்கிவிடலாமா?" என்று நம் ஊரில் யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். 1954 வரை பிரெஞ்சு ஆட்சி இருந்த ஊர், வீட்டுக்கு வீடு இந்தச் சிக்கல் உண்டு. என் பதில், கூடாது. ஏறத்தாழ ஒன்று என்பது வேறு, சமம் என்பது வேறு. அ-வும் ஆ-வும் ஏறத்தாழ ஒன்று, ஆ-வும் இ-யும் ஏறத்தாழ ஒன்று என்றால், அ-வும் இ-யும் தூரமாக இருக்கலாம். அப்படிப்பட்ட உறவுக்கு உருப்படியான ஹேஷ் எழுதவே முடியாது. ஒலிப்பை வைத்துத் தேட வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு திறவுச்சொல்லைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேடிக்கை. யு.டி.எஃப்.-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது. வேகத்துக்காகச் சில பைட்டுகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் ஹேஷ்கள் ஒரு காலத்தில் இருந்தன. ஆரம்பகால ஜாவா மொழியிலேயே நீளமான தொடர்களுக்கு அப்படித்தான் செய்தார்கள். யாராவது மூன்றுக்கு ஒரு பைட் என்று முதலிலிருந்து எடுத்தால், நீளம் ஒன்றாக உள்ள தமிழ்ப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எண்தான்!

நேரம் ஓடுகிறது. நினைவகத்தில் இருக்கும் பைட்டுகளை அப்படியே அள்ளி ஹேஷ் எடுக்கும் ஆசை பலருக்கும் வரும். ஒரு பைட் புலத்துக்குப் பிறகு எட்டு பைட் எண் ஒன்று வந்தால், நடுவில் ஏழு பைட் காலி இடம் விடுவது கணினியின் வழக்கம். அந்த இடத்தில் பழைய குப்பை இருக்கும். ஒரே ஆளுக்குக் காலையில் ஓர் எண், மாலையில் ஓர் எண் வரும். இதோடு இதை விடுகிறேன்.

புலங்களின் எண்களைச் சேர்க்கும் தொல்லைக்கு ஒரு வழி உண்டு, அதை விரிவாக்கத்தக்க ஹேஷ் என்று சொல்லலாம். பழைய முறையில் ஒவ்வொரு வகையும் தன் எண்ணைத் தானே கணக்கிட்டுத் திருப்பித் தந்தது. கலக்கும் வேலையும் அதன் தலையில். 2014-இல் ஹோவர்ட் ஹின்னன்ட், வின்னி ஃபால்கோ, ஜான் பைத்வே ஆகிய மூவர் சி++ தரக்குழுவுக்கு ஒரு முன்மொழிவு கொடுத்தார்கள். வகைக்கு ஹேஷ் தெரிய வேண்டாம், தன்னில் எவை எவை முக்கியம் என்று மட்டும் தெரிந்தால் போதும், கலக்குவதற்கு வேறு ஓர் இயந்திரம் இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம். ரஸ்ட் மொழியின் முதல் நிலையான பதிப்பு 2015-இல் வந்தபோதே அப்படித்தான் அமைந்திருந்தது. ஸ்விஃப்ட் மொழி 2018-இல் அந்த வழிக்கு வந்தது. நம் 'ஆள்' வகை பெயர், தந்தை பெயர், ஊர் என்று வரிசையாக இயந்திரத்தின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பேரன் தாத்தா குழப்பம் அந்த இயந்திரத்தின் பொறுப்பு.

இதனால் என்ன லாபம்? 2011 டிசம்பரில் பெர்லின் மாநாடு ஒன்றில் அலெக்சாண்டர் கிளிங்க், யூலியன் வேல்டே என்ற இருவர், வேண்டுமென்றே ஒரே அறைக்குப் போகும் தரவுகளை அனுப்பி இணையச் சேவையகங்களைத் திணறவைக்கலாம் என்று காட்டினார்கள். பி.எச்.பி., ஜாவா போன்ற மொழிகள் எல்லாம் மாட்டின. 2012-இல் ஓமாசோன், பெர்ன்ஸ்டைன் இருவரும் ரகசியச் சாவி வைத்துக் கலக்கும் சிப்ஹேஷ் முறையைக் கொடுத்தார்கள். இயந்திரம் தனியாக இருந்தால் பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொள்ளலாம், 'ஆள்' வகையில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம். ஒவ்வொரு வகைக்குள்ளும் எக்ஸ்-ஆர் எழுதி வைத்தவர்கள் ஒவ்வொரு கோப்பாகத் திறக்க வேண்டும்.

வீட்டில் நிரல் எழுதும் பிள்ளைகள் இருந்தால் இன்று இரவு ஒரு வேலை கொடுங்கள். குறிப்பாகத் திருவேட்டக்குடி என்.ஐ.டி. மாணவர்கள் செய்துபார்க்க வேண்டும் என்பது என் ஆசை. சோதனைப் பட்டியலில் வெறும் ஆங்கிலப் பெயர்களை வைக்காமல் கோட்டுச்சேரியை இரண்டு விதத்திலும், ஸ்ரீதரை இரண்டு விதத்திலும், கண்ணன் மகன் முருகனையும் முருகன் மகன் கண்ணனையும் சேர்த்துப் போட்டு ஓட்டிப் பாருங்கள். என்ன வந்தது என்று நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அடுத்த முறை வரும்போது படிக்கிறேன்.