உப்பிலிருந்து தொடங்கும் வரிப்பாடம்

(புனேயில் வாழும் தமிழ்த் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



“வரி என்பது பணக்காரர்களும் கணக்காளர்களும் கவலைப்பட வேண்டிய விஷயம், நமக்கும் அதற்கும் தொடர்பில்லை” என்ற எண்ணம் உழைக்கும் மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. வருமான வரி மட்டுமே வரி என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். இந்த மாயையை அகற்றும் வழி, நாம் கூடியிருக்கும் இதே புனே நகரில் 140 ஆண்டுகளுக்கு முன்பே காட்டப்பட்டுவிட்டது.

மகாத்மா ஜோதிராவ் புலே 1883இல் ‘ஷேத்கர்யாசா ஆசூட்’, அதாவது ‘உழவனின் சாட்டை’ என்ற நூலை மராத்தியில் எழுதி முடித்தார். எழுத்தறியாதவர்களும் கேட்டுப் புரிந்துகொள்ளும் வண்ணம் புனே, மும்பை, தாணே, ஜுன்னர், ஹடப்சர் முதலிய இடங்களில் அதைப் படித்துக் காட்டினார். வரி என்றால் என்ன என்று அவர் இலக்கணம் வகுக்கவில்லை. நிலவரி, சாலைச் சுங்கம், நகர நுழைவு வரி, உப்பு வரி ஆகிய ஒவ்வொன்றும் உழவனின் வண்டியிலிருந்தும் தட்டிலிருந்தும் எதைப் பறிக்கிறது என்று காட்டினார். காய்கறி ஏற்றி நகருக்கு வரும் உழவன், வரியும் தரகும் செலுத்திவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் அவலத்தைச் சித்திரித்தார். அத்துடன் நில்லாமல், அந்தப் பணம் எங்கே போகிறது என்றும் கேட்டார். அதிகாரிகளின் ஊதியத்துக்குப் போகிறது. உழவனின் பிள்ளைக்கோ பள்ளி இல்லை என்றார்.

எழுத்தோடு அவர் நிற்கவில்லை. புனே நகராட்சி உறுப்பினராக இருந்தபோது, வைசிராய் லிட்டனின் வருகைக்காக ஆயிரம் ரூபாய் செலவிடும் திட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். அந்தத் தொகையை ஏழைகளின் கல்விக்குச் செலவிட வேண்டும் என்பது அவரது வாதம்.

இதே நகரின் ஃபெர்குசன் கல்லூரியில் கற்பித்தவர் கோபால கிருஷ்ண கோகலே. அவர் நமது அரசியல் வழியைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் 1902இல் வைசிராயின் சட்டமன்றத்தில், மக்கள் வறுமையில் வாடும்போது அரசு கருவூலத்தில் உபரி குவிவது நியாயமா என்று புள்ளிவிவரங்களோடு கேட்டார். மணங்குக்கு இரண்டரை ரூபாயாக இருந்த உப்பு வரி 1903இல் இரண்டு ரூபாயாகவும், 1907இல் ஒரு ரூபாயாகவும் குறைந்தது.

இனி நமது காலத்துக்கு வருவோம். 299 ரூபாய்க்குக் கைப்பேசி ரீசார்ஜ் செய்கிறீர்கள். அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். விலைக்குள்ளேயே அடங்கியிருப்பதால் அது கண்ணில் படுவதில்லை. கணக்கிட்டால் ஏறத்தாழ 45 ரூபாய் 60 காசு. மாதம் 15,000 ரூபாய் ஊதியம் பெறும் தொழிலாளிக்கு இது ஆயிரத்துக்கு மூன்று ரூபாய். மாதம் 15 லட்சம் பெறும் நிர்வாகிக்கு இது லட்சத்துக்கு மூன்று ரூபாய். செலுத்திய வரி ஒன்றே. சுமையோ நூறு மடங்கு வேறுபடுகிறது. மறைமுக வரியின் வர்க்கத் தன்மை இதுதான்.

மறுபுறம் பாருங்கள். சொத்து வரி 2015ஆம் ஆண்டு பட்ஜெட்டில் கைவிடப்பட்டது. 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான அடிப்படை வரி விகிதம் 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று ஒன்றிய அரசே மதிப்பிட்டது. அதே அரசு 2022 ஜூலையில், பையில் அடைத்து முத்திரையிட்டு விற்கும் அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் 5 சதவீத வரி விதித்தது.

குளியல் சோப்புக்கு எட்டாண்டுகள் 18 சதவீத வரி வாங்கினார்கள். 2025 செப்டம்பரில் அது 5 சதவீதமானது. வரி விகிதம் இயற்கையின் விதி அன்று. அது அரசியல் முடிவு. மக்களின் நிர்ப்பந்தத்தால் மாற்றக்கூடியது.

ஆகவே தோழர்களே, ஒரு சிறிய வேலை. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு வாரத்து ரசீதுகளைக் கொண்டுவாருங்கள். யார் எவ்வளவு வரி கட்டினார் என்று போட்டி வைத்துக் கணக்கிடுவோம். சிரிப்பும் வரும், சினமும் வரும். வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் கட்டாயம் அழைத்து வாருங்கள்; கடைக்கணக்கு அவர்களுக்கே நன்கு தெரியும். கூட்டி முடித்ததும், புலே கேட்ட கேள்வியை நாமும் கேட்போம்: இந்தப் பணம் யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போகிறது?