அரேபிட்சா: ஸ்லாவிய மொழிக்கு அரபு எழுத்து

இன்னைக்கு நம்ம டாபிக் அரேபிட்சா. போஸ்னிய முஸ்லிம்கள் தங்களோட ஸ்லாவிய மொழியை அரபு எழுத்துல எழுதின முறைக்கு இதுதான் பேர். ஒட்டோமான் ஆட்சியில் வேர்விட்ட பழக்கம். 1631-ல் உஸ்கூஃபி செய்த போஸ்னிய-துருக்கி அகராதியே இந்த எழுத்துலதான் இருக்கு.

சிக்கல் எங்கேன்னா, உயிரொலியில். அரபியில் குறில் உயிருக்கு மூணே குறிதான், அதையும் பெரும்பாலும் போட மாட்டாங்க. போஸ்னியத்துக்கோ அஞ்சு உயிர் வேணும். 'கிஷா'ன்னா மழை, 'காஷா'ன்னா கஞ்சி. உயிரை விட்டுட்டா வானத்துலேருந்து கஞ்சி கொட்டும்! எழுதறவங்களும் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதினாங்க.

20-ம் நூற்றாண்டு தொடக்கத்தில் மதத் தலைவர் ஜெமாலுதீன் சௌஷெவிச் இதைச் சீர்படுத்தினார். ஒரு ஒலிக்கு ஒரு எழுத்து, உயிர்களுக்கும் தனித்தனி எழுத்து. 'ச்ச', 'ழ்ஸ' மாதிரி ஒலிகளுக்குப் பாரசீக எழுத்துகள் ஏற்கெனவே கைவசம் இருந்தன. என்கோடிங்னு பார்த்தா பக்கா!

ஆனா அதுக்குள்ள 1878-லேயே ஆஸ்திரிய-ஹங்கேரி ஆட்சி வந்தாச்சு. பள்ளிக்கூடத்துல லத்தீன், சிரிலிக். அரேபிட்சாவில் கடைசிப் புத்தகம் 1941-ல் அச்சானதா சொல்றாங்க. எழுத்து சரியா இருந்தா மட்டும் போதாது, அதுல படிக்கப் பிள்ளைங்களும் வேணும்.

நம்ம ஊர்லயும் ட, ண, ளவுக்குப் புது எழுத்து சேர்த்த அரபுத்தமிழ் உண்டு. பரண்ல அந்தப் புத்தகம் கிடைச்சா பழைய பேப்பர் கடைக்குப் போட்டுடாதீங்க, ஸ்கேன் பண்ணி வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.