"பிள்ளையின் நன்மைக்காக" பூட்டப்பட்ட கதவுகள்

(அட்லிஸ்வில்லில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய நிகழ்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"உன்னைக் கொண்டுபோய் விடுதியில் விட்டால்தான் திருந்துவாய்" என்ற சொல் ஒலிக்காத தமிழ் வீடு குறைவு. அவ்வாறு சொல்லும் பெற்றோர் பிள்ளையின் நன்மையையே எண்ணுகின்றனர். அதே "நன்மை"யின் பெயரால் சுவிற்சர்லாந்தில் நிகழ்ந்த கொடுமையை, இங்கு வாழும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் அவசியம்.

1967 இல் சூரிச்சைச் சேர்ந்த உர்சுலா பியொண்டிக்கு 17 வயது. திருமணமாகாமல் கருவுற்றிருந்தார். அவர் எக்குற்றமும் செய்யவில்லை. எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை. ஆயினும், அதிகாரிகளின் ஆணைப்படி பேர்ண் மாநிலத்தின் ஹிண்டல்பாங்க் பெண்கள் சிறையில் அடைக்கப்பட்டார். பிறந்த குழந்தையும் அவரிடமிருந்து பிரிக்கப்பட்டது. போராடியே அதனை மீளப் பெற்றார்.

இது ஒருவரின் கதையன்று. 20 ஆம் நூற்றாண்டில் குறைந்தது 60,000 பேர் இவ்வாறு விசாரணையின்றி அடைக்கப்பட்டனர் என அரசு நியமித்த சுயாதீன ஆணைக்குழு மதிப்பிட்டது. "ஒழுக்கமற்றவர்", "வேலைக்கு அஞ்சுபவர்" என்ற ஒரு சொல்லே அதற்குப் போதுமானதாக இருந்தது. உள்ளே அடி, கட்டாய வேலை, பாலியல் கொடுமை என்பன நிகழ்ந்தன.

யாருமே சொல்லவில்லையா? சொன்னார்கள். விடுதிகளில் வளர்ந்த எழுத்தாளர் கார்ல் ஆல்பேர்ட் லூஸ்லி 1924 இலேயே அங்கு நடப்பவற்றை நூலாக எழுதினார். சட்டம் மாறியதோ 1981 இல். இடையில் 57 ஆண்டுகள்! பூட்டிய கதவை விடக் கொடியது, வெளியே நின்றோரின் கேளாச் செவியே.

2010 இல் ஹிண்டல்பாங்கிலும் 2013 இல் பேர்ணிலும் அரசு மன்னிப்புக் கோரியது. 2017 இல் நடைமுறைக்கு வந்த சட்டம், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 25,000 பிராங்க் வழங்க வகைசெய்தது. இழந்த இளமையை எத்தொகையும் ஈடுசெய்யாது.

இன்று நிலை வேறு. 2013 முதல் சிறுவர் மற்றும் வளர்ந்தோர் பாதுகாப்பு அதிகாரசபை இயங்குகின்றது. அட்லிஸ்வில் குடும்பங்களுக்குப் பொறுப்பானது ஹோர்கன் மாவட்ட அதிகாரசபை. பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கும் முடிவுக்கு முன் பிள்ளையின் கருத்தைக் கேட்கவேண்டும் என்பது சட்டம். முடிவை எதிர்த்து மேன்முறையீடு செய்யலாம். கடிதம் வந்ததும் அஞ்சி ஒளித்து வைப்பதும், புரியாமல் கையொப்பம் இடுவதும் இவ்வுரிமையை இழக்கச் செய்யும். மேன்முறையீட்டுக்குக் காலவரம்பு உண்டு என்பதை மறத்தலாகாது.

வளரிளம் பிள்ளையைத் திருத்துவதற்கென ஊரிலோ இந்தியாவிலோ உள்ள விடுதிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோரும் மூன்று கேள்விகளை எழுப்பவேண்டும்: அங்கு பிள்ளையைத் தனியே சந்திக்க முடியுமா? அதன் முறைப்பாட்டை விடுதிக்கு வெளியே யார் கேட்பார்? எப்போது திரும்பி வரும்?

இளையோர்களே, வீட்டிலோ விடுதியிலோ துன்பம் நேர்ந்தால் 147 என்ற இலக்கத்தை இரவிலும் பகலிலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை.

பெற்றோர்களே, ஒரு நாள் பிள்ளை வாய்திறந்து, "அங்கே எனக்கு இப்படி நடந்தது" என்று சொல்லலாம். அப்போது "ஊர் என்ன சொல்லும்" என்ற கேள்வி முதலில் எழவேண்டாம். அன்று ஹிண்டல்பாங்கின் கதவைப் பூட்டியதும் அதே கேள்விதான்.