பைத்தான் ஓடுகிறது, பதினைந்தாம் பாடம் ஓடவில்லை
(கோவையில் கணினி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



பொள்ளாச்சிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "சார், லினக்ஸ் கணினியில் பைத்தானை மூலநிரலிலிருந்து நாங்களே உருவாக்கி நிறுவினோம். பிழையே வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பின் 15ஆம் பாடத்தில் எஸ்க்யூலைட்3 வரியை இயக்கினால் மட்டும், அப்படியொரு கூறு இல்லை என்கிறதே?"

நம்மூர் அரிசிம்பருப்புச் சாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியும் பருப்பும் இல்லையென்றால் அடுப்பே பற்றவைக்க மாட்டோம். பூண்டு இல்லையென்றால்? பூண்டில்லாமல் சாதம் ஆகிவிடும். யாரும் தடுக்க மாட்டார்கள்.

பைத்தானும் அப்படித்தான். சி நிரல்பெயர்ப்பி இல்லாவிட்டால் 'கன்ஃபிகர்' கட்டளை அங்கேயே நின்றுவிடும். அது கட்டாயம். எஸ்க்யூலைட், டிகே, ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற நூலகங்கள் இல்லாவிட்டாலோ அவற்றை விட்டுவிட்டு மேலே போய்விடும். 'மேக்' முடியும்போது, விடுபட்ட விருப்பக் கூறுகளின் பெயர்களை ஒரு பட்டியலாகக் காட்டும். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் திரையில் அதை யார் பார்க்கிறார்கள்!

விருப்பம் என்பது பைத்தானை எழுதியவர்களின் பார்வையில். நமக்கு அப்படியில்லை. டிகே விடுபட்டால் ஐடில் திறக்காது. ஓப்பன்எஸ்எஸ்எல் விடுபட்டால் பிப் இணையத்திலிருந்து எதையும் இறக்காது. 16ஆம் பாடத்துக்கான மேட்பிளாட்லிப்பை நிறுவ வழியில்லை.

அந்த ஆசிரியர் எஸ்க்யூலைட்டைப் பிறகு நிறுவியும் பார்த்திருக்கிறார். பயனில்லை. எதைச் சேர்ப்பது என்பது உருவாக்கும்போதே முடிவாகிவிடுகிறது. வதக்கும்போது போடாத பூண்டை இறக்கிவைத்த பிறகு தூவ முடியுமா? மறுபடி கன்ஃபிகர், மறுபடி மேக். இன்னொன்று: உபுண்டுவில் எஸ்க்யூலைட் நூலகம் மட்டும் இருந்தால் போதாது. நிரலை உருவாக்கத் தேவையான தலைப்புக் கோப்புகள் பெயரின் முடிவில் 'டெவ்' என்றிருக்கும் தனித் தொகுப்பில் வருகின்றன. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஆயத்தத் தொகுப்பை நிறுவினால் இந்த முடிவுகளை வேறொருவர் நமக்காக எடுத்திருப்பார். ஆனால் உபுண்டு பைத்தானையும் ஐடிலையும் தனித்தனித் தொகுப்புகளாகவே தருகிறது. ஆகவே அங்கும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பருவம் தொடங்குமுன் ஆய்வகத்தின் ஒவ்வொரு கணினியிலும் பைத்தானைத் திறந்து, டிகின்டர், எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட்3 மூன்றையும் இம்போர்ட் செய்து பாருங்கள். ஒரு கணினிக்கு ஒரு நிமிடம் போதும். எது வரவில்லையோ அதைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய 'டெவ்' தொகுப்பை முதலில் நிறுவிவிட்டு மேக்கைத் தொடங்குங்கள்.