வே ரெபோவின் கூம்பு வீடுகள்

இந்தோனீசியாவின் புளோரெஸ் தீவிலே, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த வே ரெபோ என்னும் சிற்றூர் உளது. மங்கராய் இனத்தவர் வாழும் அவ்வூருக்கு வண்டிப்பாதை கிடையாது. காட்டுவழியே நடந்து ஏறிச்செல்லல் வேண்டும்.

அவர்தம் வீட்டை ம்பாரு நியாங் என்பர். தூரத்தே நின்று நோக்குவார்க்கு, முற்றத்தைச் சுற்றி வைக்கோற்போர்கள் நிற்பன போலத் தோன்றும். சுவரென்று தனியே ஒன்றில்லை. கூரையே நிலம்வரை தாழ்ந்து சுவருமாகின்றது. மரங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பிரம்பினால் வரிந்து கட்டுவர், ஆணி அறைவதில்லை. உள்ளே ஐந்து தட்டுகள். அடித்தட்டிற் பல குடும்பங்கள் ஒன்றாய் வாழும். அதன்மேல் உணவும் பண்டங்களும்; மூன்றாவதில் விதைகள்; நான்காவது, விளைவு பொய்த்த காலத்துக்கென ஒதுக்கிய உணவுக்கு; உச்சித்தட்டு முன்னோர்க்குரிய படையலுக்கு. பஞ்சத்துக்கென்று முன்கூட்டியே ஒரு தட்டை ஒதுக்கிய வீடுகள் உலகிற் பலவாக இரா.

முன்னர் இவ்வூரில் இத்தகைய வீடுகள் ஏழு இருந்தன. யோரி அந்தார் என்னும் கட்டடக் கலைஞரும் அவர்தம் குழுவினரும் 2008ஆம் ஆண்டில் அங்குச் சென்றபோது எஞ்சியவை நான்கே. அவற்றுள்ளும் இரண்டு சிதைந்திருந்தன. பிள்ளைகளின் படிப்பின் பொருட்டுக் குடும்பங்கள் கீழேயுள்ள கொம்போ என்னும் ஊருக்கு இறங்கியிருந்தன. கூரை வேயும் நாளில் மாணவன் வகுப்பறையில் இருக்கின்றான். கல்வியைக் குறைகூறுதற்கில்லை, எனினும் அதன்பொருட்டு ஒரு சமூகம் எதைக் கொடுக்கின்றது என்பதை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று.

வீட்டின் அளவுகள் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவை முதியோரின் கண்ணிலும் கையிலுமே இருந்தன. அம்முதியோர் மறைந்தால் மரமும் பிரம்பும் காட்டில் நிறைந்திருந்தும் வீடு இராது. தலைநகரத்தார் தாமே வரைபடம் வரைந்து, கூலியாட்களைக் கொண்டு விரைவிற் கட்டியிருக்கலாம். பார்வைக்கு அழகாகவும் இருந்திருக்கும். அவர்கள் அவ்வாறு செய்யாததே இம்முயற்சியின் சிறப்பு. நன்கொடையாளர் பொருள் உதவினர், கட்டியவர்கள் ஊரவரே. பழைய வீடொன்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பழுதற்ற மரங்களைப் பேணிவைத்து, பழுதுற்றவற்றுக்கு மாற்று மரம் தேடி மீண்டும் எழுப்பினர். முதியோர் வழிகாட்ட, இளைஞர் செய்து பழகினர். ஜகார்த்தாப் பல்கலைக்கழக மாணவர் அருகிருந்து ஒவ்வொரு படியையும் குறித்துக்கொண்டனர். வாய்மொழியாகவே வந்த அக்கலைக்கு அதுவே முதல் எழுத்துப் பதிவு.

பின்னர் ஏழு வீடுகளும் முன்போல் எழுந்தன. 2012இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதுகளில் உயர்விருது கிடைத்தது. 2013இல் ஆகா கான் கட்டடக்கலை விருதுக்குரிய இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. புகழ் பரவவே பிறநாட்டார் திரளாக மலையேறி வரலாயினர். வீடுகளில் ஒன்று விருந்தினர் தங்குமிடமாயிற்று. வருவாய் நல்லதே, ஆனால் குடியிருப்பு காட்சிச்சாலையாகிவிடாமற் காப்பது ஊரவர்க்குப் புதியதொரு வேலை. பழைய வேலையும் ஓய்ந்தபாடில்லை. புல்லும் பனைநாரும் மழையில் நைந்துபோகும் பொருள்கள். கூரையை மறுபடியும் வேய்ந்தே ஆகவேண்டும். அதற்கு இப்போது ஊரிலேயே ஆட்கள் உளர்.