இச்சைக்கு எட்டாத தசைகள்

பொழுது புலருமுன்னே பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்து, பால்மரத்தின் பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, மங்கில் பால் சொட்டத் தொடங்கியதும் அடுத்த மரத்துக்கு நகர்ந்த பெம்பான் வட்டாரத் தோட்டத் தொழிலாளியின் கரத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள். உளியை எவ்வளவு ஆழம் இறக்குவதென்று சித்தம் தீர்மானிக்க, கை அதன்படி நடந்தது. அக்கையிலிருப்பது வரித்தசை, நுண்ணோக்கியில் குறுக்குக் கோடுகள் தெரியும், நீண்ட இழை ஒவ்வொன்றிலும் உட்கருக்கள் பல இருக்கும். இதயத்தசையும் வரியுடையதே, ஆயினும் கிளைவிட்டுப் பிணைந்த அதன் செல்கள், நம் ஆணையை எதிர்பாராமல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை சுருங்கி விரிகின்றன.

மூன்றாவது வகை மென்தசை. இருமுனையும் கூர்த்த அதன் நுண்ணிய செல்லுக்கு உட்கரு ஒன்றே. ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் இதிலும் உண்டெனினும், அவை வரிசையாக அடுக்கப்படாமையால் கோடுகள் தோன்றுவதில்லை. பசியாறிய ஆகாரத்தைக் குடலில் நகர்த்துவதும், பிரசவத்தில் சிசுவை வெளியே தள்ளுவதும், ரத்த நாளங்களை இறுக்கித் தளர்த்துவதும் இதன் தொழில். மெல்லச் சுருங்கும்; சுருங்கியபின் சொற்ப சக்தியைச் செலவிட்டே நெடுநேரம் அந்நிலையில் நிற்கும்.

இந்தப் பெருங்குணமே, சிறு நாளங்களின் மென்தசை அளவுக்கு மீறி இறுகி நிற்கையில், ரத்தக் கொதிப்புக்கு ஏதுவாகிறது. நோயாளிக்கோ பெரும்பாலும் வலியொன்றும் தெரிவதில்லை. இதற்குப் பலரும் உண்ணும் அம்லோடிப்பின் மாத்திரை செய்வதென்ன? நாளங்களின் மென்தசை சுருங்குவதற்குச் செல்லின் புறத்திலிருந்து நுழையும் கால்சியத்தைப் பெரிதும் நம்பியிருக்கிறது. அது நுழையும் வாயிலை மாத்திரை அடைக்க, நாளம் தளர்கிறது. கைத்தசையோ தனக்குள் சேமித்த கால்சியத்தைக் கொண்டு சுருங்குவதாதலின், மாத்திரையால் கைப்பிடியின் வலு குறைவதில்லை.

ஆகவே, 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடும் பெரியோர்களை நான் வணங்கிக் கேட்டுக்கொள்வது இதுதான்: கையின் களைப்பை நீங்கள் அறிவீர்கள், நாளத்தின் இறுக்கம் உங்கள் இச்சைக்கும் உணர்வுக்கும் எட்டாதது. அழுத்தத்தை அளந்து பார்த்தே அதன் நிலையை அறிய முடியும். அளக்காமலும் வைத்தியரைக் கேளாமலும் மருந்தை நிறுத்தாதீர்கள்.