மொய் எழுதாத வீடு



திண்டிவனத்தில் கிறிஸ்துமஸ் மேடை ஏறிய எவரும் ஐடா ஸ்கடரைச் சொல்லாமல் இறங்க முடியாது. 1890. அவருடைய அப்பா இந்த ஊரில் வைத்தியம் பார்த்துவந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்த பெண், மிஷனரி வேலையே வேண்டாம் என்றிருந்தவர். ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. ஆண் மருத்துவரை உள்ளே விட மாட்டார்களாம். இவருக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று தாய்மாரும் போய்விட்டார்கள். பிறகு அவர் படித்து, 1899-ல் கார்னெலில் மருத்துவப் பட்டம் வாங்கி, வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை.

அந்த மூன்று உயிருக்கு ஈடு கட்டத்தான் ஆயுள் முழுக்க உழைத்தார் என்று சிலர் முடிப்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எத்தனை பிரசவம் பார்த்தால் மூன்று உயிர் ஈடாகும்? அவருடைய சபை படித்த ஹைடல்பர்க் வினாவிடையைப் புரட்டுங்கள். 1563-ல் வந்தது, மூன்று பகுதி. முதலில் மனுஷனுடைய கேடு, அடுத்து விடுதலை, கடைசியில் நன்றி. நற்கிரியைகள் எங்கே வருகின்றன? நன்றியில்! இரட்சிப்பைக் கையில் வாங்கிய பிறகுதான் வேலையே தொடங்குகிறது.

நமக்கு இது தொண்டையில் இறங்காது. கல்யாண வீட்டு வாசலில் நோட்டும் பேனாவுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, ஐந்நூறு வைத்தால் எழுதிக்கொள்வார், நாளைக்கு அது திரும்பி வந்தாக வேண்டும். அந்த மொய் நோட்டோடுதான் ஆண்டவரிடமும் போகிறோம். இத்தனை உபவாசம், இத்தனை காணிக்கை, எழுதிக்கொள்ளும் சுவாமி! சிலுவையில் எல்லாம் கொடுத்தாயிற்று, நீ கையை நீட்டு என்றால் கை நீள மாட்டேன் என்கிறது. கொடுப்பவனுக்கு உள்ள கௌரவம் வாங்குபவனுக்கு ஏது?

வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு இது என்பவர்கள் திருக்கோவிலூர்ப் பக்கம் தென்கலை வைணவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். பெருமாள் தாய்ப்பூனை மாதிரி; குட்டி எதையும் பற்ற வேண்டாம், தாயே கவ்விக்கொள்ளும் என்பார். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, 1894-ல் இரட்சணிய யாத்திரிகம் என்ற கிறிஸ்தவக் காவியத்தைத் தமிழுக்குத் தந்தார். கிருபை என்ற பேச்சு அவர் காதுக்குப் புதிதாகவா இருந்திருக்கும்?

இலவசம் என்றால் ஆள் சோம்பேறியாகிவிட மாட்டானா என்று கேட்பீர்கள். பவுலிடமே கேட்ட கேள்விதான், ரோமர் ஆறாம் அதிகாரத்தில் பதில் இருக்கிறது; வீட்டில் போய் வாசியுங்கள். நாளை ஆராதனையில் காணிக்கைப் பை வரும். தாராளமாகப் போடுங்கள், போதகர் ஐயா என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். போட்டுவிட்டு, ரசீது மட்டும் கேட்காதீர்கள்!